முதலாளி படுத்துவிட்டால் கடை என்னாகும்?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் அதிகமானவை சிறு கடைக்காரர்கள் எழுதியவை. உடம்பைப் பற்றிக் கேட்டவர்களும் கடைசியில் கடையைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறார்கள். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் தருகிறோம்.

ஹட்டனில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். வயது 52. காலை நாலு மணிக்குத் திறந்தால் இரவு எட்டு வரை நின்றபடிதான். போன வருடம் சீனி வருத்தம் என்றார்கள். கிளினிக்குக்குப் போனால் அரைநாள் வியாபாரம் போகிறது. அதனால் பழைய மருந்துத் துண்டைக் காட்டி பார்மசியில் வாங்கிப் போடுகிறேன். வெறும் வயிற்றில் பார்த்தபோது 186. உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்படியே சமாளிக்கலாமா?

முடியாது. மாத்திரை போட்டும் 186 என்றால் அந்த அளவு உங்களுக்குக் காணாது, அல்லது சாப்பாட்டு நேரம் மருந்தோடு ஒத்துப்போகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 80க்கும் 130க்கும் இடையில் நிற்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை என்று ஆறுதல்பட இதில் இடமில்லை. கண், சிறுநீரகம், கால் நரம்பு மூன்றும் பெரும்பாலும் வலியே இல்லாமல்தான் கெடுகின்றன. பழைய துண்டுக்குப் பழைய மாத்திரைதான் கிடைக்கும். இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 7 சதவீதத்துக்குக் கீழே வந்ததா, சிறுநீரில் புரதம் போகிறதா, கண்ணின் உட்திரையில் இரத்தக் கசிவு உண்டா என்பதையெல்லாம் கிளினிக்கில்தான் பார்ப்பார்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. அடுத்த கிளினிக் திகதி கொப்பியிலேயே எழுதியிருக்கும். அன்று வடையும் ரோல்ஸும் போட வேண்டாம். தேத்தண்ணி, பணிஸ் மட்டும் விற்க வீட்டில் ஒருவரை நிறுத்துங்கள். அரைநாள் நட்டம் பெரிதுதான். கால் புண்ணோடு வார்டில் வாரக்கணக்கில் கிடந்தால் வரும் நட்டத்தையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

உங்கள் வேலை நேரத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நாலு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு பத்து மணிக்குச் சாப்பிடுகிறவராக இருந்தால், எந்த மாத்திரை என்று பெட்டியைப் பாருங்கள். மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் சாப்பாட்டோடு போட்டால் போதும், வயிறு குழம்பாது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், டோல்பியூட்டமைட் இவற்றில் ஒன்று என்றால், போட்டதும் சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பிடாவிட்டால் சீனி 70க்குக் கீழே இறங்கக்கூடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கும்போது அது வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வந்தால் அரைக் கிளாஸ் தண்ணீரில் 3 தேக்கரண்டி சீனி கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்காருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு தடவை குடியுங்கள். பிறகு ஒரு துண்டு பாண் சாப்பிடுங்கள். இந்த மாத்திரைகளால் இறங்கிய சீனி சில மணி நேரத்தில் மறுபடி இறங்கக்கூடும். தெளிந்துவிட்டது என்று விடாமல் அன்றே வைத்தியசாலையில் காட்டுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று கடைப் பையனுக்கும் சொல்லி வையுங்கள்.

கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் ஏறக்குறைய 10 கிராம் சீனி. கடைக்காரர் வாடிக்கையாளரோடு சேர்ந்து எட்டுக் கோப்பை குடித்தால் 80 கிராம். டின்பால் ஊற்றினால் அதற்கும் மேல். சாயத்தையும் ருசியையும் பார்ப்பதென்றால் ஒரு கரண்டி தேத்தண்ணி வாயில் விட்டுப் பார்த்தால் போதும்.

ஹட்டன் குளிரில் கால் விறைத்தால் அடுப்படியில் பாதத்தை நீட்டிச் சூடு காட்டுவது வழக்கம். நரம்பு மந்தமானவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. பாதம் கொப்பளித்துப் புண்ணாகிறவர்களில் சிலர் இப்படித்தான் ஆகிறார்கள். சுடுதண்ணீர்ப் போத்தலும் அப்படியே. ஈரச் சிமெந்துத் தரையில் ரப்பர் செருப்போடு நிற்காமல், பருத்திச் சொக்ஸும் மூடிய சப்பாத்தும் போடுங்கள். படுக்கப் போகுமுன் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். ஆணிக்காலை பிளேட்டால் சீவ வேண்டாம்.

தலவாக்கலையில் எங்கள் அண்ணனோடு சேர்ந்து கடை நடத்துகிறேன். அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தால் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதா, ஆம்புலன்ஸ் வரும்வரை நிற்பதா?

முதலில் 1990க்கு அழையுங்கள். அந்த சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை இலவசம். வண்டியில் ஒக்சிஜனும் பயிற்சி பெற்றவரும் இருப்பார்கள். தோட்டத்துப் பாதையில் ஏற முடியாது என்றால் எந்தச் சந்திக்கு வர வேண்டும் என்று அந்த அழைப்பிலேயே கேட்டு, அண்ணனைக் கதிரையோடு தூக்கிப் போங்கள். படி ஏறி நடக்க விடாதீர்கள். அஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தம் கசியும் குடல் புண்ணோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கலாம். வாயு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மணித்தியாலம்தான் இருதயத்துக்கு அதிகம் வேண்டிய மணித்தியாலம். சீனி வருத்தம் உள்ளவருக்கு வலியே வராமல் மூச்சிரைப்பும் குளிர் வியர்வையும் மட்டும் வரக்கூடும்.

நுவரெலியாவில் சாப்பாட்டுக் கடை. இரவில் மூன்று பையன்கள் கடைக்குள்ளேயே படுக்கிறார்கள். குளிருக்காகக் கரி நெருப்பை ஒரு சட்டியில் உள்ளே வைப்பது வழக்கம். போன கிழமை காலையில் மூன்று பேருக்கும் தலையிடி, வாந்தி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். பக்கத்துக் கடைக்காரர் நெருப்பைச் சந்தேகப்படுகிறார்.

அவர் சொல்வதைக் கேளுங்கள், இன்றிரவே. மூன்று பேருக்கும் ஒரே காலையில் தலையிடியும் வாந்தியும் வந்து, வயிற்றோட்டமும் காய்ச்சலும் இல்லாமல், வெளியே வந்ததும் குறைந்தது என்றால் அது பெரும்பாலும் காபன் மொனொக்சைட். நிறமும் மணமும் இல்லாத வாயு. இரத்தத்தில் ஒக்சிஜன் பிடிக்க வேண்டிய இடத்தை ஒக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். புகை வந்தால்தான் ஆபத்து என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் புகை அடங்கிச் சிவந்து கிடக்கும் தணல்தான், காற்றுப் போதாமல் இதை நிறைய விடுகிறது. இரவு ஷட்டரை இறக்கி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்த அறையில் அது போக வழியே இல்லை. தூங்குகிறவர் மூச்சுத் திணறி எழும்பமாட்டார். தூக்கத்திலேயே மயங்கிப் போவார்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பது நம் கையில் இல்லை. படுக்கும் அறைக்குள் கரிச் சட்டி, விறகு, காஸ் அடுப்பு, ஜெனரேட்டர் எதுவும் கூடாது. ஆளுக்கு இரண்டு கம்பளி, தரையில் இருந்து உயர்த்திய பலகைக் கட்டில், சொக்ஸ், குல்லா வாங்கிக் கொடுங்கள். நிலத்துச் சில்லிப்பு உடம்பில் ஏறாமல் இருந்தாலே பாதிக் குளிர் போகும். இனி யாராவது இப்படி மயங்கினால் முதலில் கதவைத் திறந்து வெளியே இழுத்துவிட்டு 1990க்கு அழையுங்கள். விரலில் மாட்டும் ஒக்சிஜன் மானி 98 என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். அந்தக் கருவிக்கு இந்த வாயுவையும் ஒக்சிஜனையும் பிரித்தறியத் தெரியாது. வைத்தியசாலையில் "கரி நெருப்போடு மூடிய அறையில் படுத்திருந்தார்கள்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

இன்னொன்று. பையன்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், வயதை எழுதவில்லை. 16க்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பது குற்றம். மற்றவர்களுக்கு, ஒருவரே வேலை செய்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும்: சம்பளத்தில் 8 சதவீதம் அவருடையது, 12 உங்களுடையது, நம்பிக்கை நிதிக்கு 3 உங்களுடையது. வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு 1934ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே முதலாளிக்கு இருக்கிறது. தோட்டத்தில் இருந்து பிள்ளையை அனுப்பிய தாய்க்கு நீங்கள்தான் பொறுப்பு.

பண்டாரவளையில் பலசரக்குக் கடை. வீட்டுக்காரருக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் (இருதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்திருக்கிறது. கணக்கு, செக், கடன் கொப்பி எல்லாம் அவர் தலைக்குள்தான். நான் கடையில் நின்றதில்லை. கடையை மூடுவதா, நடத்துவதா?

சகோதரி, அதை இந்த மாதம் முடிவுசெய்ய வேண்டாம். முதலில் அவருடைய மருந்து. ஸ்டென்ட் வைத்தவருக்கு அஸ்பிரினும் கிளொபிடோக்ரெலும் சேர்த்து, வழக்கமாக ஒரு வருடம் கொடுப்பார்கள். கிளினிக்கில் ஒன்று தட்டுப்பாடாகி வெளியே வாங்கச் சொன்னால் அன்றே வாங்குங்கள். பல் பிடுங்கவென்று யாராவது நிறுத்தச் சொன்னாலும் இருதய கிளினிக்கைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். இடையில் விட்டால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து அடைத்துவிடக்கூடும். 25 கிலோ அரிசிப் பையையும் 50 கிலோ சீனி மூட்டையையும் அவர் தூக்கக் கூடாது. எப்போது தூக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கல்லாவில் உட்காருவது அதற்கு முன்பே முடியும்.

அவர் ஓய்வாக இருக்கும்போது, ஒரு நாளைக்கு அரைமணி நேரம் மட்டும், பக்கத்தில் கொப்பியோடு உட்காருங்கள். முதலில், வரப்போகும் திகதி போட்டுக் கொடுத்த செக்குகள்: யாருக்கு, எவ்வளவு, எந்தத் திகதி. கணக்கில் காசு இல்லாத செக் வங்கிக்குப் போகும் முன், அந்த வியாபாரியிடம் நீங்களே பேசித் திகதியை மாற்றுங்கள். திரும்பிய பிறகு பேசினால் நிலைமை வேறு. காசு இல்லை என்று தெரிந்தே செக் கொடுப்பது இங்கே குற்றவியல் வழக்காகும். அடுத்தது வங்கி. அவர் கையெழுத்துப் போடக்கூடிய நிலையில் இருக்கும்போதே உங்களையும் கையெழுத்திடுபவராகச் சேர்க்கச் சொல்லுங்கள். சேமிப்புக் கணக்குக்கு, அவருக்குப் பின் காசைப் பெறும் பின்னுரித்தாளர் பெயரும் கொடுங்கள். அவருக்காக நீங்கள் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் எழுதலாம், ஆனால் எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அது செல்லாது. இதைக் கேட்கக் கஷ்டம் என்று தெரியும். கேட்காமல் விட்ட குடும்பங்களில், ஆள் போன மறுநாள் மூட்டை இறக்கக்கூடக் காசு எடுக்க முடியாமல் நிற்கிறார்கள்.

கடன் கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் தோட்டம், பிரிவு, தொகை எழுதி, அவர்களையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சம்பளம் போடும் 10ஆம் திகதியன்று நீங்கள் கடையில் இருக்க வேண்டும். அன்று வராத காசு அந்த மாதம் வராது. ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் கடனைக் கையிருப்பாக எண்ண வேண்டாம். புதுக்கடனை அரிசி, மா, பருப்போடு நிறுத்துங்கள். அழுகும் மரக்கறியையும் விடியப் போய் எடுக்கும் சாமான்களையும் சில மாதம் விட்டுவிடலாம்.

மாதம் 10 வீத வட்டிக்கு ஒரு இலட்சம் வாங்கினால் மாதாமாதம் 10,000 போகும், முதல் அப்படியே நிற்கும். நகை இருந்தால் வங்கியில் அடகு வையுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அடுத்த சத்திரசிகிச்சை ஏதும் இருந்தால் அதற்கு முன்பே. மூன்று மாதம் கழித்து, வாடகையும் மருந்தும் வீட்டுச் செலவும் கழிந்து ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், சாமான் இருக்கும்போதே, வாடிக்கையாளர் வந்துகொண்டிருக்கும்போதே கடையைக் கைமாற்றுங்கள். வெறும் றாக்கைக்கு யாரும் விலை கொடுக்கமாட்டார்கள்.

மாத்தளையில் பேக்கரி. மாக் குழைக்கும் ஆளுக்கு மூன்று கிழமையாக இருமல், மெலிந்தும் போகிறார். நிறுத்திவிடலாமா?

நிறுத்தினால் அவர் இருமலோடு இன்னொரு பேக்கரிக்குப் போவார். இரண்டு கிழமைக்கு மேல் நிற்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்; மாவட்ட மார்புச் சிகிச்சை நிலையத்தில் இலவசம். காசநோய் என்றால் மருந்தும் இலவசம், வழக்கமாக 6 மாதம். சரியாக மருந்து எடுத்தால் பெரும்பாலும் இரண்டு கிழமையில் மற்றவருக்குத் தொற்றுவது வெகுவாகக் குறையும். டொக்டர் எழுதிக் கொடுத்ததும் வேலைக்கு எடுங்கள். இது பாணாலோ பாத்திரத்தாலோ பரவாது. இருமும் காற்றால் பரவும். ஆகவே அவரோடு ஒரே அறையில் படுப்பவர்களையும் கூடவே அனுப்புங்கள். பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்தால், மாத் தூசியால் வரும் ஆஸ்துமாவா என்று கேட்கச் சொல்லுங்கள். விடுமுறையில் குறைந்து, வேலைக்கு வந்ததும் கூடும் இருமல் அதன் அடையாளம். அப்படியானால் மாவை உயரத்தில் இருந்து கொட்டாமல், பையின் வாயைத் தொட்டிக்குள் வைத்து மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். தரையைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.