சீசன் எத்தனை?

அன்புள்ள ஐயா,

சென்ற கட்டுரையில் ஏழெட்டு இடத்தில் 'சீசன்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'பருவம்' இருக்க அது எதற்கு? போதாததற்கு, சீசன் நான்கு என்று என் மகள் பள்ளியில் படிக்கிறாள். ஊட்டியில் இரண்டு என்கிறார்கள். எது சரி?
ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் சரிதான். பாடப்புத்தகத்தில் இருப்பது வெயிலும் பனியும் மாறுகிற கணக்கு. ஊட்டியில் சீசன் என்றால் ஆள் வருகிற கணக்கு. ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது. ஜனவரியில் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், பார்க்க அத்தனை அழகு, ஆனால் அதற்குச் சீசன் என்று பெயர் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் மெட்ராஸ் அரசாங்கமே கோடைக்கு ஊட்டிக்கு மலையேறும். அந்தப் பழக்கத்தோடு வந்த சொல்லாகத்தான் எனக்குப் படுகிறது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததும் இந்தக் கூட்டத்தால்தான்.

குன்னூரில் நான் டீ குடிக்கும் கடைக்காரர் ஜூன் பிறந்தாலே, "சீசன் முடிஞ்சுபோச்சு சார்" என்பார். "பருவம் முடிஞ்சுபோச்சு சார்" என்றால் அவர் வயதைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்! மாம்பழத்துக்கும் சீசன், குற்றாலத்துக்கும் சீசன், ரயிலில் மாதப் பாஸுக்கும் சீசன் டிக்கெட். தச்சர் மரத்தைச் சீசன் பண்ணுவார். இரும்புத் தோசைக்கல்லையும் இப்போது 'சீசனிங்' செய்கிறார்களாம். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கல்லைப் பழக்குவது என்று நம் வீடுகளில் அருமையான சொல் இருக்கிறது.

அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில். 'சாத்தியோ' என்றால் விதைப்பு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது விதைக்கும் காலம் என்பது ஆண்டின் எந்தக் காலத்துக்கும் ஆகிவிட்டது. அப்படிப் பார்த்தால் அதற்கு நெருக்கமான சொல் பருவம்கூட இல்லை, உங்கள் ஊர்த் தோட்டங்களில் சொல்கிற போகம்தான். உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறவர்களைக் கேளுங்கள்: நீர்போகம், கார்போகம், கடைபோகம். ஆக, சீசன் மூன்று என்றும் ஒரு கணக்கு இருக்கிறது, மகளிடம் சொல்லுங்கள். பரீட்சையில் மட்டும் நான்கு என்றே எழுதட்டும்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் மே மாத மலர்க் கண்காட்சிக்கு எத்தனையோ மாதம் முன்பே விதை போட்டுவிடுகிறார்கள். லத்தீன்காரன் சொன்ன சீசன் அங்கே அப்போதே தொடங்கிவிடுகிறது, ஒரு டூரிஸ்ட் வண்டியும் வராத நேரத்தில்.