புத்தாண்டு இலக்குகள் சில கிழமைகளிலேயே கைவிட்டுப் போகின்றன. நிறைவேறும்படி எப்படி வைப்பது?

சிறிதாக வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் அதற்கு முதல், எந்த வேலை முடிந்த கையோடு அதைச் செய்யப்போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

சீனி வருத்தம் தொடங்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்ன வருடம், ஜனவரி 1 முதல் தினமும் விடிய 5 மணிக்குப் பண்ணைக் கடற்கரையில் ஒரு மணித்தியாலம் நடப்பதென்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி, புதுச் சப்பாத்தும் வாங்கினேன். யாழ்ப்பாணத்தில் அந்த நாட்களில் மழை முழுதாக விட்டிருக்காது, விடியப்புறம் குளிர் வேறு, கொக்குவிலில் இருந்து சைக்கிளில் பண்ணைக்குப் போய்ச் சேரவே அரை மணித்தியாலம் பிடிக்கும். ஐந்தாம் நாள் மழைக்கு நின்ற நடை பிறகு தொடங்கவேயில்லை.

அடுத்த வருடம் மாற்றினேன். பின்னேரத் தேத்தண்ணி குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு சப்பாத்தைப் போட்டு, ஒழுங்கை முடக்கில் இருக்கிற வைரவர் கோயில் வரை போய்த் திரும்புவது. பத்து நிமிடம், அவ்வளவுதான். மழையென்றால் குடையோடு. தேத்தண்ணி குடிக்காத நாள் எனக்கு இல்லை, அதனால் நடையும் தப்பவில்லை. நடந்த நாளுக்குக் கலண்டரில் ஒரு பென்சில் கோடு. மாசி முடிவதற்குள் கோயிலைத் தாண்டி ரயில் கடவை வரை போகத் தொடங்கிவிட்டேன்.

இடையில் ஒரு செத்தவீடு வந்து மூன்று நாள் போய்விட்டது. முன்பென்றால் அதோடு விட்டிருப்பேன். லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்துச் செய்த ஆய்வை அப்போதுதான் வாசித்தேன்: ஒரு செயல் பழக்கமாக ஒருவருக்கு 18 நாள் போதும், இன்னொருவருக்கு 254 நாள் வரை போகலாம், நடுவில் நிற்கிற எண் 66, இடையில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெடுவதில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்கிறார்களே, அதை நம்பி 22ஆம் நாள் மனம் உடையாதீர்கள்.

சேமிப்புக்கும் இதே வழிதான், மாதக் கடைசியில் மிஞ்சுவதை அல்ல, சம்பளம் விழுந்த அன்றே எடுத்துவையுங்கள். நாலைந்து இலக்கை ஒன்றாகத் தொடங்க வேண்டாம். ஒன்றை எடுங்கள், ஜனவரி 1இல் இருந்து சித்திரைப் புத்தாண்டுக்கு நூறு நாளுக்கு மேல் இருக்கிறது, கைவிசேஷம் வாங்குகிற அன்று கலண்டரைத் திருப்பிப் பாருங்கள். கோடுகள் குறைவென்றால் அந்த நேரம் உங்களுக்குத் தோதில்லை, வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பக்கம் வாசிப்பது என்ற என்னுடைய இரண்டாவது இலக்கை நான் அன்றைக்குத்தான் தொடங்கினேன்.