கிறிஸ்துமஸ் செலவு முழுவதையும் மூத்த மகனே சுமக்க வேண்டுமா?

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறோம். என் கணவர் மூத்த மகன். டிசம்பரில் நாகர்கோவில் அருகே மாமியார் வீட்டில் நான்கு பிள்ளைகளின் குடும்பங்களும் கூடுவோம். மொத்தம் 17 பேர். மாமனார் இருந்தவரை எல்லோருக்கும் அவரே புதுத்துணி எடுத்துக்கொடுப்பார். அவர் மறைந்த பிறகு அதுவும் விருந்தும் எங்கள் பொறுப்பாகிவிட்டன. இந்த முறை துணிக்கு 42,000, பலகாரம், கேக், ஆட்டுக்கறி விருந்துக்கு 24,000, ரயிலில் இடம் கிடைக்காததால் ஆம்னி பஸ்ஸுக்கு 22,000, பரிசு, பட்டாசு, ஸ்டாருக்கு 14,000, ஆலயக் காணிக்கைக்கும் கேரல் குழுவுக்கும் 8,000 என 1,10,000 ரூபாய் ஆகிவிட்டது. இதில் 70,000 கிரெடிட் கார்டில் இருக்கிறது. மாதம் 15,000 வீதம் ஜூன் வரை அடைக்க வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் வைப்புநிதி இருக்கிறது. அதைத் தொட மனமில்லை. செலவைக் குறைப்போம் என்றால் கணவர் வருந்துகிறார். மூத்த கொழுந்தனார் துபாயில் இருக்கிறார், இளையவர் வாடகை வேன் ஓட்டுகிறார், நாத்தனாரை மார்த்தாண்டத்தில் கொடுத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு போகாமல் இருந்துவிடலாமா? அல்லது பக்கத்துத் தெருவில் நடத்தும் கிறிஸ்துமஸ் சீட்டில் சேரலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: போகாமல் இருக்காதீர்கள் சகோதரி. மாமியார் நல்ல உடல்நிலையில் இருந்து, நான்கு பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் கூடும் கிறிஸ்துமஸ் இன்னும் எத்தனை வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கணக்கைப் பார்த்தால், பயணத்தை நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் கார்டுக் கடனை இந்த மாதமே முடியுங்கள். பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு சுமார் மூன்றரை சதவீதம்; அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. நீங்கள் சொல்வதுபோல் மாதம் 15,000 கட்டினால், வட்டியும் வரியுமாக 9,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். போதாக்குறைக்கு, பாக்கி இருக்கும்வரை அதே கார்டில் வாங்கும் மளிகைக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. உங்கள் வைப்புநிதியோ அதே ஆறு மாதத்தில் 70,000 ரூபாய்க்கு இரண்டாயிரத்துச் சொச்சம்தான் ஈட்டித் தரும். முன்கூட்டியே முடிப்பதற்காக வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் வரை வங்கி பிடித்தாலும், லாபம் உங்களுக்கே. வைப்பை முடித்து 70,000-ஐ அடைத்துவிட்டு, மீதி 30,000-ஐ மறுபடியும் போடுங்கள். சேமிப்பை உடைக்கும் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் கார்டுக்குக் கட்டவிருந்த அந்த 15,000 இனி உங்கள் கையில் இருக்கும். அதில் மாதம் 10,000-ஐ வைப்புக்குத் திருப்பினால், ஏழு மாதத்தில் ஒரு லட்சம் மீண்டும் நிறைந்துவிடும்.

மீதி 5,000 அடுத்த கிறிஸ்துமஸுக்கு. ஜனவரி 15-ஆம் தேதி வங்கியில் ஒன்பது மாத ரெக்கரிங் டெபாசிட் (ஆர்.டி. எனும் மாதாந்தரச் சேமிப்பு) தொடங்குங்கள். அஞ்சலக ஆர்.டி. ஐந்து ஆண்டுத் திட்டம் என்பதால் இதற்குப் பொருந்தாது. அக்டோபர் 15-இல் வட்டியோடு ஏறத்தாழ 46,000 கைக்கு வரும். ஏன் அக்டோபர்? ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் 22 பயணத்துக்கு அக்டோபர் 23 காலை 8 மணிக்கே உட்கார வேண்டும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் மூன்றடுக்கு ஏசி கிடைத்துவிட்டால், பஸ்ஸுக்குக் கொடுத்ததில் பாதியோடு போய் வந்துவிடலாம்.

46,000 எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். உங்கள் பட்டியலில் மிகப் பெரிய தொகை துணிக்கானது. மாமனார் எடுத்துக்கொடுத்த காலத்தில் பிள்ளைகள் அவர் வருமானத்தில் வளர்ந்தார்கள். இன்று நான்கு வீட்டிலும் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். அவரவர் வீட்டுத் துணியை அவரவர் எடுக்கட்டும். மாமியாருக்கும் நாத்தனாருக்கும் மட்டும் நீங்கள் சேலை எடுங்கள். அண்ணன் கையால் வாங்கும் சேலையைத் தங்கையிடமிருந்து பறிக்கக் கூடாது. உங்கள் வீட்டு நால்வரையும் சேர்த்து ஆறு பேருக்கு 15,000 போதும். விருந்தைச் சமமாகப் பிரிக்க வேண்டாம். நீங்களும் துபாய்க்காரரும் தலைக்கு 8,000, நாத்தனார் வீடு 5,000, வேன் ஓட்டும் தம்பி 3,000 என்றால் 24,000 நிறைவாகிவிடும். துபாய்த் தம்பி அனுப்பும் பணத்துக்கு வரி வருமோ என்ற கவலை வேண்டாம். உடன்பிறந்தவர் தருவதற்கு வருமான வரி கிடையாது. பரிசுக்குப் பெயர்களைச் சீட்டு எழுதிக் குலுக்கி, ஒருவர் ஒருவருக்கு மட்டும் வாங்குங்கள். உங்கள் பங்கு பட்டாசு உட்பட 4,000-க்குள் நிற்கும். ஆலயத்துக்கான 8,000-இல் கைவைக்காதீர்கள்.

முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்து, வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டுவதற்குச் செலவு சொற்பம். நான்கு வீட்டுப் பிள்ளைகளையும் 23-ஆம் தேதியே பாட்டியோடு உட்கார வையுங்கள். கடையில் வாங்கும் பலகாரம் குறையும். பாட்டியின் கைப்பக்குவமும் அடுத்த தலைமுறைக்குப் போகும். இரவு கேரல் பாடிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கவும் அதுவே ஆகும்.

சீட்டு விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன்: சேராதீர்கள். 1982-ஆம் ஆண்டு சிட்ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்யாமல் தெருவில் நடத்தும் சீட்டில், நடத்துபவர் டிசம்பரில் கைவிரித்துவிட்டால் பணத்தை மீட்க அலைய வேண்டியிருக்கும். பலகாரப் பெட்டியும் வெள்ளிக் காசும் தருவதாகச் சொல்வார்கள். உங்கள் ஆர்.டி. அந்தப் பெட்டியை வாங்கித் தரும்.

இனி உங்கள் கணவர். அவர் வருந்துவது பணத்துக்காக அல்ல. அப்பாவின் இடத்திலிருந்து தான் விலகுவதாக நினைக்கிறார் என்று தோன்றுகிறது. அதனால் ‘செலவைக் குறைப்போம்’ என்று தொடங்காதீர்கள். ஜூன் வரை அடைத்தால் ஆகும் வட்டிக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். தம்பி தங்கையிடம் அவரே பேசட்டும். மருமகள் வாயிலிருந்து வந்தால் அதே சொல் வேறு பொருள் கொள்ளும். வேன் ஓட்டும் தம்பியிடம் தொகையைத் தனியாகக் கேட்கட்டும். எல்லோரும் இருக்கும் இடத்தில் கேட்டால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். இதை டிசம்பருக்குத் தள்ளிப்போடாமல், இந்த ஜனவரியிலேயே பேசுங்கள். துபாயில் இருப்பவருக்கும் விடுமுறை கேட்க அவகாசம் வேண்டும் அல்லவா?