மகனுக்கு ஆட்டிசம்: 5 லட்சத்தை சைல்டு பாலிசியில் போடலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 5 வயது. ஆட்டிசம் என்று மூன்று மாதங்களுக்கு முன் உறுதியானது. என் சம்பளம் மாதம் 85,000 ரூபாய். மனைவி வேலையை விட்டுவிட்டார். பேச்சுப் பயிற்சிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி) மாதம் 18,000 போகிறது. அடுத்த ஆண்டு பள்ளியில் சேர்க்கவேண்டும். கையிருப்பு 5 லட்சத்தை அவன் பெயரில் சைல்டு பாலிசியில் போடச் சொல்கிறார்கள். வரிச்சலுகையும் உண்டாமே?

பதில்: போடவேண்டாம். சைல்டு பாலிசி என்பது கல்லூரிக்குப் போகும் வயதில் பணம் கைக்கு வரும்படி அமைத்தது. உங்கள் மகனுக்குப் பணம் தேவைப்படுவது பயிற்சி நடக்கும் இந்தச் சில வருடங்களிலும், பிறகு நீங்கள் இருவரும் இல்லாத காலத்திலும்தான்.

ஆறு மாத தெரபி கட்டணமே 1,08,000 ரூபாய். அதோடு ஆறு மாத வீட்டுச் செலவையும் நினைத்தவுடன் எடுக்கும்படி வங்கியில் வையுங்கள். மிச்சம் பள்ளிக்கு. ஷேடோ டீச்சர் (வகுப்பில் உங்கள் மகனுக்கு மட்டும் கூடவே இருந்து உதவும் ஆசிரியர்) சம்பளம் கட்டணத்தில் அடக்கமா, தனியா என்று சேர்க்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். கணக்கு இடிப்பது பெரும்பாலும் அங்கேதான். வருடத் தொகையை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று தெரபி மையம் சொன்னாலும் மாதாமாதமே கட்டுங்கள். தெரபிஸ்ட் விலகிப்போனால் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

அரசு வழியாக மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) வாங்கிவிட்டீர்களா? தனியார் மருத்துவரின் அறிக்கை அதற்கு ஈடாகாது. சின்ன வயதில் தற்காலிகச் சான்றாகக் கிடைக்கலாம். காலாவதித் தேதியைக் குறித்துவையுங்கள். சான்று வந்ததும் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். வருடத்துக்கு 1 லட்சம் வரை கவரேஜ், முன்பரிசோதனை கிடையாது, தெரபிக்கென்று உள்ள தனி உச்சவரம்புக்குள் அந்தச் செலவுக்கும் கோரலாம். ஆகவே தெரபி பில் ஒன்றையும் தொலைக்காதீர்கள்.

வரிச்சலுகை என்று அவர்கள் சொல்வது 80டிடி என்று அறியப்படும் கழிவு. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கு வருமான வரியில் கிடைப்பது. ஊனம் 40 சதவீதம் இருந்தால் 75,000, 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 கழிவு. ஆனால் அது பழைய வரி முறையில் மட்டும். உங்கள் ஆண்டுச் சம்பளம் 10.2 லட்சம், புதிய முறையில் 12.75 லட்சம் வரை சம்பளக்காரருக்கு வரியே இல்லை. கட்டாத வரியில் என்ன மிச்சம் பிடிப்பது?

பாலிசி எடுக்கவேண்டியது உங்கள் பெயரில்தான்: 1.5 கோடிக்குக் குறையாத டெர்ம் இன்ஷூரன்ஸ், அதாவது பாலிசி காலத்தில் நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு.

சொத்தை நேரடியாக மகன் பெயரில் எழுதாதீர்கள். பேரன் மேலுள்ள பாசத்தில் தாத்தா பாட்டி எழுதுவதையும் தடுங்கள். 18 வயதானதும் சட்டப்படி அவன் மேஜர். உங்கள் கையெழுத்து அவன் கணக்கில் செல்லாது. அப்போதும் அவனால் தனியே நிர்வகிக்க முடியாவிட்டால், 1999-ம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் மனுப்போட்டுக் காப்பாளர் நியமனம் பெறவேண்டும். சொத்து ஒரு டிரஸ்டுக்குப் போய், அதிலிருந்து அவன் செலவுக்கு வரும்படி இப்போதே உயில் எழுதுங்கள். டிரஸ்டை நிர்வகிக்கும் டிரஸ்டியாக ஒரே ஒருவரைப் போடவேண்டாம். உங்களைவிடப் பதினைந்து வயதாவது இளையவர் ஒருவர் அதில் இருக்கட்டும்.