ஆத்தங்குடி அண்ணனுக்கு: அந்த இடத்தை விற்காதீர்கள்

அண்ணே, நேற்று நீங்களும் அண்ணியும் பத்திர நகலை மேசையில் வைத்தபோதே சொல்லியிருக்க வேண்டும், பிள்ளை முன்னால் வேண்டாமென்று விட்டேன். மகளை எம்.எஸ்சி. நர்சிங் படிக்கவைக்க அந்த இடத்தை விற்காதீர்கள்.

பி.எஸ்சி. முடித்து இரண்டு வருஷமாகக் காரைக்குடியில் வார்டு பார்க்கிறாள். மேலே படித்தால் கல்லூரியில் மேடம் ஆகலாமே என்கிறார் உங்கள் பெரியப்பா மகன். ஃபீஸ் அவரா கட்டப்போகிறார்? அவள் வாய்திறந்து கேட்டது ஆபரேஷன் தியேட்டர் ஒன்றைத்தான். 'ரத்தமும் ராத்திரி டூட்டியும், யார் பொண்ணு கேட்டு வருவா' என்றார் அண்ணி. ராத்திரி டூட்டி வார்டிலும் உண்டே அண்ணி.

தியேட்டர் நர்ஸ் என்றால் டாக்டருக்குக் கத்தரி எடுத்துக் கொடுப்பவர் என்று நினைக்காதீர்கள். ஸ்க்ரப் நர்ஸ் கை கழுவி, கவுனும் கையுறையும் போட்டு, டிராலியில் கருவிகளை அடுக்கியதும், மாப் (ரத்தம் ஒற்றும் துணி), ஊசி, கருவி எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ணுவார். தள்ளி நிற்கும் சர்க்குலேட்டிங் நர்ஸ் அதைப் போர்டில் எழுதுவார். வயிற்றை மூடும் முன் மறுபடி எண்ணவேண்டும், தோலைத் தைக்கும்போது இன்னொரு தடவை. ஒரு மாப் குறைகிறது என்று அந்த நர்ஸ் சொன்னால் எவ்வளவு பெரிய சர்ஜனும் கையை நிறுத்தித் தேடத்தான் வேண்டும், கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே. 2008இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலிலும் கடைசியில் கணக்கு சரியென்று சொல்வது நர்ஸ்தான்.

உங்கள் டைல்ஸ் பட்டறையில் கண்ணாடி மேல் அச்சு வைத்துக் கலர் சிமெண்ட் ஊற்றும்போது ஒரு சொட்டு கோடு தாண்டாது, அச்சைத் தூக்கும்வரை உங்கள் மகள் மூச்சுகூட விடமாட்டாள் என்று நீங்களேதான் சொன்னீர்கள்.

முதலில் இப்போதிருக்கும் ஆஸ்பத்திரியிலேயே நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்டிடம் தியேட்டருக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுக்கட்டும். சம்பளமும் வரும், கையும் பழகும். அப்புறம் ஆபரேஷன் ரூம் நர்சிங்கில் போஸ்ட் பேசிக் டிப்ளமா, அதாவது நர்சிங் முடித்தவர்களுக்கான படிப்பு, ஒரே வருஷம், இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டம். பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரிக்கு இந்தப் படிப்புக்கென்று அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) டெக்னீசியன் படிப்பு வேறு, நர்ஸ் அதைப் படிக்கத் தேவையில்லை. ஏஜெண்ட் யாராவது அதைத் தலையில் கட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. மணிக்கணக்காக நிற்கவேண்டும், நடுராத்திரி சிசேரியன் என்று போன் வரும். அவளிடம் சொன்னேன். 'தெரியும் சார், ரெண்டு தடவை உள்ளே போய்ப் பார்த்துட்டேன்' என்றாள்.

பத்திர நகலை என் மேசையிலேயே விட்டுப் போய்விட்டீர்கள். வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.