மூன்று வருடமாக ஜூனியர் டெவலப்பராகவே இருக்கிறேன். பதவி உயர்வு வாங்க என்ன செய்ய வேண்டும்?

மதுரையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறீர்கள், கொடுத்த வேலையை எல்லாம் நேரத்துக்கு முடிக்கிறீர்கள், ஆனால் கூடச் சேர்ந்தவர் சீனியர் ஆகிவிட்டார். இதுதானே உங்கள் கேள்வி? தம்பி, பத்து வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் இதே வயிற்றெரிச்சலோடு நானும் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எங்கள் நிறுவனம் வியாபாரிகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுத்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்காரர் எங்கள் வாடிக்கையாளர். அவரிடமிருந்து அடிக்கடி ஒரே புகார் வரும்: "தேதி தப்பா விழுது, கணக்கு இடிக்குது." அந்தப் புகாருக்கான டிக்கெட் என் தலையில்தான் விழும். நான் நேராக டேட்டாபேஸில் போய் அந்த வரிகளின் தேதியை மட்டும் திருத்திவிட்டு டிக்கெட்டை மூடிவிடுவேன். பத்து நிமிட வேலை. அப்படி நாலு தடவை மூடினேன்.

ஐந்தாவது தடவை புகார் வந்தபோது நான் லீவு. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு ஆபீஸ் போகிறவன் மதுரைக்காரனா? டிக்கெட் என்னோடு சேர்ந்த ஒரு பெண்ணிடம் போனது. சில பில்களுக்குத் தேதி சரியாக இருக்கிறது, சிலவற்றுக்கு மட்டும் ஒரு நாள் பின்னால் போகிறது. ஆபீஸில் எவ்வளவு முயன்றாலும் அந்தத் தப்பு வரவில்லை. அவருக்கு வீடு ஒத்தக்கடை. ஒருநாள் விடிவதற்கு முன்னால் அப்பாவின் வண்டியில் மார்க்கெட்டுக்கே போய்விட்டார். நாலு மணிக்குப் போட்ட மல்லிகைப் பில் நேற்றைய தேதியில் விழுந்தது, ஆறு மணிக்குப் போட்டது இன்றைய தேதியில். அங்கேயே பிடிபட்டுவிட்டது. சர்வர் ஓடியது யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தி. நமக்கு நள்ளிரவு தாண்டினாலும் காலை ஐந்தரை வரை சர்வருக்கு அது நேற்றுதான். நாங்கள் சோதித்ததெல்லாம் பகலில், அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

நேரத்தை யூடிசியிலேயே வைத்துக்கொண்டு, தேதி எடுக்கும்போது மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்ற வேண்டும். ஆறேழு வரி புரோகிராம். அதை நானும் எழுதியிருப்பேன். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. விடியலில் வியாபாரம் நடக்கிற வேறு வாடிக்கையாளர்கள் யார் என்று தேடி, ஒரு காய்கறி மண்டியிலும் இதே தப்பு இருந்ததைக் கண்டுபிடித்தார். பழைய பில்களைத் திருத்தி, கடைக் கணக்குப்பிள்ளையின் நோட்டோடு ஒப்பிடச் சொன்னார். அதிகாலை இரண்டு மணிக்குப் பில் போடுவது போல ஒரு டெஸ்ட் எழுதிச் சேர்த்தார். சப்போர்ட் ஆட்களுக்கு ஒரு பக்கக் குறிப்பும் கொடுத்தார். புகார் நின்றுபோனது.

அந்த வருட செல்ஃப் அப்ரைசலில் நான் '140 டிக்கெட் முடித்தேன்' என்று பெருமையாக எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, "அதுல நாலு அந்தப் பூக்கடை டிக்கெட்டுப்பா" என்றார்.

பதவி உயர்வு முடிவாகிற அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்களுக்காக மேனேஜர்தான் அங்கே பேச வேண்டும். அந்தப் பெண்ணுக்காகப் பேச இந்தக் கதை இருந்தது. எனக்காக என்ன சொல்லியிருப்பார்? "நல்ல பையன், சொன்னதைச் செய்வான்." நல்ல பையனுக்கு இன்க்ரிமென்ட் கிடைக்கும், பதவி கிடைக்காது.

இப்போது நானே டீம் லீட். ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருப்பதற்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. நான் போய் 'என்னாச்சு?' என்று கேட்பதற்கு முன்னால், 'இது வியாழனுக்குள் முடியாது, காரணம் இது' என்று வந்து சொல்கிறவரைத்தான் கவனிக்கிறேன். அப்புறம் கோட் ரிவ்யூ, அதாவது அடுத்தவர் எழுதிய புரோகிராமைச் சரிபார்ப்பது. அதைப் படிக்காமலே 'ஓகே' போடுகிறவர் யார் என்பது லீடுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு வரி எழுதி வையுங்கள்: எது உடைந்தது, நான் செய்ததால் யாருக்கு என்ன மாறியது. மார்ச்சில் அப்ரைசலுக்கு உட்கார்ந்து யோசித்தால் ஜூலையில் செய்தது ஞாபகம் வராது. மேனேஜரிடம் பேசுவதையும் மார்ச்சுக்குத் தள்ளிப்போட வேண்டாம். அதற்குள் பதவி உயர்வுப் பட்டியல் பெரும்பாலும் முடிவாகியிருக்கும். அக்டோபர் வாக்கில் போய், "சீனியர் ஆவதற்கு என்னிடம் என்ன குறை?" என்று நேராகவே கேளுங்கள். அவர் சொன்னதை அன்றே சுருக்கி மெயிலில் போட்டுவிடுங்கள்.

கிளையன்டோடு போனில் இங்கிலீஷ் பேச வராது என்ற பயம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதிகம், எனக்கும் இருந்தது. பேச வேண்டிய மூன்று வரியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். அவ்வளவுதான், யாரும் சிரிக்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். இருபது பேர் இருக்கிற இடத்தில் சீனியர் நாற்காலி மூன்றுதான் இருக்கும். மூன்றிலும் ஆள் இருந்து, யாரும் எழுந்திருக்கிற மாதிரியும் தெரியவில்லை என்றால் அது உங்கள் குறை இல்லை. இலந்தைக்குளம் ஐடி பார்க் பக்கமோ சென்னைக்கோ விண்ணப்பம் போடுங்கள். அந்த வெள்ளிக்கிழமை வரிகள் இன்டர்வியூவிலும் உதவும்.

அந்தப் பெண் இப்போது பெங்களூரில் இருக்கிறார். பூக்கடைக்காரர் இன்றைக்கும் கணக்கு இடித்தால் அவருக்குத்தான் போன் போடுகிறாராம். என் நம்பரும் அவரிடம் இருக்கிறது.