கதவைத் திறக்கத் தெரியாத தொண்டர்

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டில் நீண்டகாலத் தன்னார்வத் தொண்டுக்குப் புறப்படுபவர்களும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களும் எழுதிய கடிதங்களே இந்த இதழில் அதிகம். அவற்றுள் ஆறைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். நானும் இரு வேறு நாடுகளில் ஐந்தாண்டுகள் தொண்டராக இருந்தவன் என்பதால், இடையிடையே சொந்தக் கதை வந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: கல்விப் பணி செய்யும் ஓர் அமைப்பு என்னைப் பதினெட்டு மாதங்களுக்கு அழைத்திருக்கிறது. “முதலில் சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். சம்பளம் வாங்காத வேலைதானே, இதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது?

பதில்: சம்பளம் இல்லை என்பதே பாதுகாப்பு என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பல நாடுகளின் குடியேற்றச் சட்டம், பணம் கைமாறுகிறதா என்பதை மட்டும் பார்ப்பதில்லை. நீங்கள் செய்வது வேலையா இல்லையா என்பதையும் பார்க்கிறது. பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பார்வையாளராகச் செல்பவர் பதிவு பெற்ற அறக்கட்டளையில் மொத்தம் 30 நாட்கள் வரைதான் தொண்டு செய்யலாம். அதற்கு மேல் தங்கிப் பணிபுரிய அறப்பணியாளர்களுக்கென்றே உள்ள தனி விசா வேண்டும். அதுவும் 12 மாதங்களுக்குத்தான் கிடைக்கும். மற்ற நாடுகளில் விதி வேறாக இருக்கலாம், ஆனால் விதி என்று ஒன்று இருக்கும். விமான நிலையத்தில் அதிகாரி கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்களை அழைத்தவர்கள் அப்போது அங்கே இருக்க மாட்டார்கள். ஆகவே எந்த வகை விசா, யார் விண்ணப்பிப்பது, நீட்டிக்க வேண்டி வந்தால் செலவு யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் அமைப்பிடம் போவதற்கு நீங்களும் தயங்கலாம்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை முகவரிப் பதிவு. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நீண்டகாலம் தங்க வந்தவர், குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வேறு பல நாடுகளில் காவல் நிலையத்திலோ குடியேற்ற அலுவலகத்திலோ இதே போன்ற கடமை உண்டு. சான்றிதழ்களைப் பொறுத்தவரை, 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளுக்கு இடையே ஆவணம் உண்மையானது என்று அதை வழங்கிய நாட்டின் அரசு சான்றளிக்கும் ‘அப்போஸ்டில்’ முத்திரை ஒன்றே போதும். மற்ற நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பம் தேவைப்படும், அதற்கு நாள் பிடிக்கும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடாக இருந்தால், ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழித்தே சான்று செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். 2016 முதல் அந்தச் சான்று ஆயுள் முழுவதற்கும் செல்லும்.

மூலச் சான்றிதழ்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் பெட்டியில் வைத்தேன்; பெட்டி பதினோரு நாள் கழித்து வந்தது.

கேள்வி: வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. எனக்கென்று உருப்படியான வேலை எதையும் தரவில்லை. கூட்டங்களில் உட்கார வைக்கிறார்கள், பேசுவதில் பாதி புரிவதில்லை. உதவ வந்தவன் பாரமாகிவிட்டேனோ என்று கூச்சமாக இருக்கிறது. அமைப்பை மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: மாற்ற வேண்டாம், இன்னும் கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்க அரசு 1961-இல் தொடங்கிய பீஸ் கோர்ப்ஸ் என்னும் தொண்டர் அமைப்பில் பணிக்காலம் வழக்கமாக 27 மாதங்கள். அவற்றுள் முதல் மூன்று மாதங்கள் ஏறக்குறைய முழுவதும் மொழிக்கும் பழக்கவழக்கங்களுக்குமான பயிற்சியில் கழிகின்றன. பல இடங்களில் தொண்டர் அப்போது உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடுதான் தங்குகிறார். இத்தனை ஆண்டு அனுபவமுள்ள அமைப்பே மூன்று மாதங்களைக் கற்பதற்கென்று ஒதுக்கும்போது, உங்கள் இரண்டு மாதங்கள் வீண் என்று எப்படிச் சொல்வது?

என் முதல் நாள் இரவைச் சொல்கிறேன். தங்குவதற்குக் கொடுத்த வீட்டின் கதவு திறக்கவில்லை. சாவி சரியானதுதான், உள்ளே போகிறது, திரும்ப மறுக்கிறது. இரண்டு பெட்டிகளோடு அரை மணி நேரம் நின்றேன். எதிர்வீட்டு மூதாட்டி வெளியே வந்தார், ஒன்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்த சாவியை வாங்கி, கதவை இடுப்பால் முட்டுக்கொடுத்து ஒரு விரற்கடை தூக்கி, சாவியை நான் திருப்பிய திசைக்கு எதிர்த்திசையில் திருப்பினார். பிறகு கதவை மறுபடியும் பூட்டிவிட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார். நான் திறக்கும்வரை நகரவில்லை. நான்காவது முறை திறந்தது. அந்த மொழியில் நான் கற்ற முதல் சொல் ‘வணக்கம்’ அல்ல, ‘தூக்கு’. எந்தப் பாடப்புத்தகமும் அதிலிருந்து தொடங்காது.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வந்திருந்த எனக்கு என் வீட்டுக் கதவைத் திறக்கத் தெரியவில்லை. அன்று வெட்கப்பட்டேன். நாளாக ஆகத்தான் ஒன்று புரிந்தது: அந்த மூதாட்டியிடம் நான் பெற்ற உதவியே அந்தத் தெருவில் எனக்கு ஓர் இடத்தை வாங்கித் தந்தது. எதுவும் தேவைப்படாதவராக வந்து இறங்கும் தொண்டரிடம் யாருக்கும் பேசுவதற்கு ஒன்றுமில்லை. உதவி பெறத் தெரிந்த பிறகுதான் உதவ முடிகிறது; உங்களுக்கு இப்போது நடந்துகொண்டிருப்பது அந்த முதல் பாதிதான்.

மொழியைப் பற்றியும் ஒரு கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர் ஸ்பானிய மொழியில் தொழில்முறைத் தேர்ச்சி பெற ஏறக்குறைய 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும் என்றும், ஜப்பானிய மொழிக்கு 2200 மணி நேரம் ஆகும் என்றும் மதிப்பிடுகிறது. (நம் தமிழ் இடையில் இருக்கிறது, சுமார் 1100 மணி நேரம்.) இரண்டு மாதத்தில் பாதி புரிகிறது என்கிறீர்களே, அது நல்ல செய்தி. கூட்டம் முடிந்ததும் சக பணியாளர் ஒருவரைப் பிடித்து, புரியாத மூன்று சொற்களை மட்டும் கேளுங்கள். முப்பதைக் கேட்டால் அடுத்த நாள் அவர் உங்களைக் கண்டதும் வேறு வழியாகப் போய்விடுவார்.

கேள்வி: நான்காவது மாதத்தில் இருக்கிறேன். நான் இயல்பில் பொறுமைசாலி. இப்போது பேருந்து பத்து நிமிடம் தாமதமானாலும் கோபம் தலைக்கேறுகிறது. கடையில் மீதிச் சில்லறையை மூன்று முறை எண்ணுகிறேன். நாள் முழுதும் கை கழுவிக்கொண்டே இருக்கிறேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டதா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் நினைவுக்கு வந்தார். ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்ற சொல்லைப் பரவலாக்கியவர் அவரே. 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் வெளிநாட்டவர் கூடிய அவையில் ஆற்றிய உரையில் அதன் அறிகுறிகளை அடுக்கினார்: அளவுக்கு மீறிக் கை கழுவுவது, குடிநீரையும் படுக்கையையும் பற்றி ஓயாத கவலை, ஏமாற்றப்படுவோமோ என்ற பயம், சிறு தாமதத்துக்கும் வெடிக்கும் கோபம், எங்கோ வெறித்த பார்வை, அந்நாட்டு மொழியைக் கற்க மறுப்பது. உங்கள் மூன்று புகார்களும் எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பட்டியலில் அப்படியே இருக்கின்றன.

இது எப்போது தீரும் என்று கேட்பீர்கள். 1955-இல் லிஸ்கார்ட் என்னும் நார்வே ஆய்வாளர், அமெரிக்காவில் தங்கிவிட்டு வந்த நார்வே நாட்டவர் ஏறக்குறைய 200 பேரை ஆராய்ந்தார். ஆறு மாதங்களுக்குக் குறைவாகத் தங்கியவர்களும் பதினெட்டு மாதங்களைத் தாண்டியவர்களும் ஓரளவு நன்றாகவே பொருந்தியிருக்க, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அதிகம் திண்டாடியதாகக் கண்டார். இதிலிருந்துதான் முதலில் மகிழ்ச்சி, நடுவில் பள்ளம், பிறகு ஏற்றம் என்ற வளைகோட்டுக் கருத்து பிறந்தது. தொண்டர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் இன்றும் அந்த வளைகோட்டைக் கரும்பலகையில் வரைகிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. நியூசிலாந்துக்குச் சென்ற ஜப்பானிய மாணவர்களைப் பற்றி 1998-இல் வெளிவந்த ஆய்வு, நுழைந்த காலத்திலேயே துன்பம் உச்சத்தில் இருந்ததைக் காட்டியது. ஆகவே ‘இன்னும் பள்ளம் வரவில்லையே’ என்று காத்திருக்கவும் வேண்டாம், ‘ஏற்றம் தானாக வரும்’ என்று சும்மா இருக்கவும் வேண்டாம்.

செய்ய வேண்டியது சிறியது. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்குப் போங்கள்; நூலகமோ விளையாட்டுத் திடலோ எதுவானாலும் சரி. ஆறாவது வாரம் அங்கே ஒருவர் உங்களை அடையாளம் கண்டு தலையசைப்பார். அந்தத் தலையசைப்பு செய்யும் வேலையை எந்த அறிவுரையும் செய்யாது. ஆனால் தூக்கமோ பசியோ வாரக்கணக்கில் கெட்டிருந்தால், கை கழுவுவதை நிறுத்தவே முடியாமல் தோல் வெடித்தால், இதைப் பண்பாட்டு அதிர்ச்சி என்று ஒதுக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மனநல ஆலோசனைக்கும் உங்கள் காப்பீடு பொருந்துமா என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: எனக்குக் கிடைப்பது வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான மாதப்படி மட்டுமே. அக்கம்பக்கத்தவரோ என்னைப் பணக்காரர் என்று நினைத்துக் கடன் கேட்கிறார்கள். மறுத்தால் உறவு கெடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அவர்கள் நினைப்பதை முழுத் தவறு என்று தள்ளிவிட முடியாது. விமானச் சீட்டும், வேண்டாமென்றால் திரும்பிப் போகும் வசதியும் உங்களிடம் இருக்கின்றன. அவர்களில் பலரிடம் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மறுக்கும்போது குரலில் எரிச்சல் வராது. மறுக்கத்தான் வேண்டும்: முதல் ஆறு மாதங்களுக்குப் பணக்கடன் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுத்தால்தான் தெருவே பேசும். நோய், மரணம் போன்ற நேரங்களில் அங்கே யார் எவ்வளவு கொடுப்பது வழக்கம் என்பதை உள்ளூர்ச் சக பணியாளரிடம் முன்பே கேட்டுவைத்து, அந்த அளவை ஒட்டிக் கொடுங்கள். அதற்கு மேல் அள்ளிக் கொடுப்பவர், உங்களுக்குப் பின் வரும் தொண்டரின் வாழ்வைக் கடினமாக்கிவிட்டுப் போகிறார்.

கேள்வி: தினமும் இரவு இரண்டு மணி நேரம் வீட்டாருடன் காணொளியில் பேசுகிறேன். இது தவறா?

பதில்: தவறில்லை. ஆனால் பக்கத்து வீட்டார் வாசலில் உட்கார்ந்து பேசும் நேரமும் அதே இரண்டு மணி நேரமாக இருந்தால், நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். நேரத்தை மாற்றுங்கள், வீட்டாரிடம் காரணத்தையும் சொல்லுங்கள், இல்லையென்றால் அவர்கள் வேறு ஏதாவது நினைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: இரண்டாண்டுப் பணி முடிந்து மூன்று மாதத்தில் திரும்புகிறேன். வீட்டுக்குத்தானே போகிறோம், இதற்கு என்ன ஆயத்தம் தேவை?

பதில்: திரும்புவதிலும் ஒரு பள்ளம் உண்டு. கலஹார்ன் என்னும் ஆய்வாளர் தம்பதியர் 1963-இலேயே, முன்பு சொன்ன வளைகோட்டின் பின்னால் இன்னொரு வளைவைச் சேர்த்து இதை விளக்கினார்கள். வீடு மாறியிருக்காது என்று நம்பிப் போவீர்கள், அது மாறியிருக்கும். உங்கள் கதையைக் கேட்க எல்லோரும் ஆவலாக இருப்பார்கள், பத்து நிமிடம் வரை. அங்கே இருந்த உங்கள் சக தொண்டர்களின் எண்களைப் பத்திரப்படுத்துங்கள், பதினோராவது நிமிடத்துக்கு அவர்கள்தான்.

மற்றபடி, பணிக்காலச் சான்றை அமைப்பின் கடிதத்தாளில் நாள், பொறுப்பு விவரங்களோடு இப்போதே கேளுங்கள். முகவரிப் பதிவை நீக்கவும் வங்கிக் கணக்கை மூடவும் கடைசி வாரத்துக்கு முந்தைய வாரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். வாடகை முன்பணம் திரும்பி வர வேண்டியிருந்தால், அது வந்த பிறகு கணக்கை மூடுங்கள்.